வெந்நீரில் குற்றமற்ற முனை

நான் செய்யும் வெப்ப சென்சாரின் முனை குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மெலிந்திருந்தால்தான் சூடு உடனே உறைக்கும். கனத்தால் தாமதிக்கும், தாமதமும் ஒருவகைப் பொய்தான்.

ஆலங்குடிப் பக்கம் ஒரு முந்திரி ஆலைக்கு அப்படி ஒன்று கொடுத்தேன். பருப்பு உலர்த்தும் அறைக்குள் தொங்கி, சூடு எல்லையைத் தொட்டதும் ஹீட்டரை அணைப்பது அதன் வேலை. சில வாரங்களில் பருப்பு கருகத் தொடங்கியது.

முதலாளி போன் செய்தார். "அறையப் பாத்துக்குற அம்மா கண்ணசந்திருக்கணும். இல்ல, ஒங்க சாமான் சரியில்ல. எதுன்னு சொல்லிருங்க சார், அத அனுப்பிருறேன்."

சென்சார் கீரனூரிலுள்ள என் பட்டறைக்கு பஸ்ஸில் வந்தது. வெந்நீரில் முக்கினேன்; எண் பாய்ந்து ஏறியது. ஐஸில் முக்கினேன்; சட்டென்று விழுந்தது. குற்றமே இல்லை. அதுதான் உறுத்தியது. முந்திரித் தூசியில் தொங்கிய கம்பிக்கு இந்தப் பளபளப்பு ஏது? யாரோ துடைத்திருக்கிறார்கள். எதை மறைக்க? அந்த அம்மாவின் மேல்தான் என் சந்தேகம் போய் நின்றது. ஆனாலும் ஒரே தடவை அளந்ததை நம்பி ஒருவர் பிழைப்பில் கை வைக்க மனம் வரவில்லை. சென்சாரைத் திருப்பி அனுப்பி மாட்டச் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, சொல்லாமல் போய் நின்றேன். அறை இன்னும் சூடேற்றப்படவில்லை.

"வேவு பாக்க வந்தீங்களாக்கும்?" என்றார் அந்த அம்மா, தட்டுகளை அடுக்கியபடி. "கருகுற வாசம் எனக்கு வந்தப்புறந்தான் ஒங்க மீட்டர்ல நம்பரே ஏறுது. தூங்குறது நானா, அதுவா?"

"அனுப்பும்போது தொடைச்சது யாரு?"

"நாந்தான். சாமிக்கு வச்சதோட பார்சல்ல போடுவாங்களா?"

விளங்காமல் நின்றேன். அதற்குள் முதலாளி ஈரத் தலையோடு சந்தனக் கிண்ணம் ஏந்தி வந்தார். தராசுக்கு ஒரு பொட்டு, மோட்டாருக்கு ஒன்று. பிறகு அறைக்குள் குனிந்து, என் சென்சாரின் முனையில் கட்டைவிரலால் தாராளமாக அப்பினார். இப்படித்தான் வாராவாரம் காய்ந்ததன் மேல் இன்னொரு பூச்சு ஏறியிருக்கிறது. அந்தப் போர்வைக்குள் சூடு நுழைவதற்குள் வெளியே பருப்பு வெந்துவிடும்.

"அதான சார் மூளை. அதுக்கு வைக்காம விடலாமா?" என்றார்.

நான் காரணத்தைச் சொன்னதும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பச் சொல்லுங்க மொதலாளி," என்றார் அந்த அம்மா, "யார அனுப்பணும்?"

இப்போது முனையைச் சுற்றி ஒரு கம்பிக் கூடு வைத்திருக்கிறேன். காற்று போகும், கட்டைவிரல் போகாது. அறைக்கு வெளியே நீட்டியிருக்கும் சென்சாரின் தலையில், பொட்டுக்கென்றே ஒரு பித்தளை வில்லை. மாட்டிய அன்று அந்த அம்மா கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சந்தனம் போகாது, சரி. ஐயா விபூதிய அள்ளி ஊதுனா?"

நான் ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தேன்.