கொக்கி போடும்வரை காலை விடாதே

புதிதாக ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் அவள் சிரித்தால் நான் பொறுப்பில்லை.

ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தியேட்டர் ஆயாவாக இருந்தேன். எக்ஸ்ரே படாமலிருக்க லெட் ஏப்ரன் என்று ஓர் ஈய அங்கியை மாட்டிவிடுவார்கள். அம்மிக்கல்லைக் கழுத்தில் கட்டிய மாதிரி இருக்கும். அதை விடுங்கள். ட்ரேயில் எந்தச் சாமானுக்குப் பின் எது என்கிற வரிசைதான் என் படிப்பு. கணுக்கால் உடைந்திருந்தால் பிளேட், ஸ்க்ரூ, கொக்கி, அப்புறம்தான் தையல்.

கொக்கி எதற்கென்று பெரிய டாக்டர் ஒருநாள் சொன்னார். "ஆயாம்மா, கால்ல ரெண்டு எலும்பு பக்கத்துல பக்கத்துல இருக்குது. அதைச் சேத்துக் கட்டியிருக்கறது ஜவ்வு. அறுந்திருந்தாக்கூட படத்துல தெரியாமப் போகலாம். சின்ன எலும்பைக் கொக்கியில இழுத்துப் பாக்கணும். விலகுச்சுன்னா ஜவ்வு போச்சுன்னு அர்த்தம்."

நான் சொல்ல வந்த சம்பவம் நடந்த அன்று பெரிய டாக்டர் ஊரில் இல்லை. புது டாக்டர், நல்ல பிள்ளை, வேகமான கை. படுத்திருந்தவள் தளிப் பக்கத்துக் கெம்பம்மா. ரோஜாத் தோட்டத்து மேட்டில் கூடையோடு வழுக்கி விழுந்தவள். இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, வாய் மரக்கவில்லை. துணித்திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நாள் பூரா நின்னுதான் பூப் பறிக்கணும். கால் நொண்டிப் போச்சுன்னா மேஸ்திரி வேற ஆளைப் போட்டுடுவான்."

"உன் வாய் நொண்டாது, பயப்படாதே" என்றேன். கையுறையோடு அவள் காலைப் பிடித்திருந்தேன்.

டாக்டர் சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே மெஷினின் மானிட்டரைப் பார்த்தார். "சூப்பர், பிளேட் அழகா உக்காந்திருக்கு. தையல் போட்டுடலாம். ஆயாம்மா, காலை விடுங்க."

என் கை விடவில்லை. திமிரில்லை. கொக்கி ட்ரேயில் அப்படியே கிடந்தது. வரிசை முடியாமல் கை எப்படி விடும்?

"விடுங்கன்னு சொன்னேனே?"

"விடறேன் சார். இன்னும் கொக்கி போடலீங்களே."

சிஸ்டர் என்னை முறைத்தாள். 

"ஏனாய்த்து அக்கா?" என்னவாயிற்று என்று கெம்பம்மா கன்னடத்தில் பதறினாள்.

"ஒண்ணுமில்லடி. டாக்டர் ஒருதரம் இழுத்துப் பாக்கப் போறாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "குடுங்க."

கொக்கியை மாட்டி இழுத்தார். மானிட்டரில் இரண்டு எலும்புக்கும் நடுவே இருந்த இடைவெளி கதவு திறப்பதுபோல் விரிந்தது. எழுத்தறியாத எனக்கே தெரிந்தது.

"அய்யோ, மறந்தே போயிட்டேன்" என்றார். இரண்டு எலும்பையும் சேர்த்துக் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போட்டார். மறுபடி இழுத்தார். அசையவில்லை.

"இப்ப விடட்டுங்களா சார்?"

முறைத்த சிஸ்டரே சிரித்துவிட்டாள்.

பிள்ளைகளே, படித்தவர்களுக்கும் மறதி வரும். வரிசையில் ஒன்று பாக்கியிருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

மாதங்கள் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கெம்பம்மாவைப் பார்த்தேன். தளி பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. காலிக் கூடையோடு அதன் பின்னால் ஓடினாள்.

"அடியே கெம்பம்மா!"

"நிக்க நேரமில்ல அக்கா, பஸ் போயிடும்!" ஒரே தாவில் படியேறிவிட்டாள்.

பக்கத்திலிருந்த பூக்கடைக்காரர் கேட்டார்: "தெரிஞ்சவங்களா? நின்னு ஒரு வார்த்தை பேசல பாருங்க."

"எதுக்கு நிக்கணும்?" என்றேன். "ஓடட்டும்!"