காட்டுக்குள் சும்மா நடக்கப் போன குடும்பம்

2009 வாக்கில் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்தேன். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகவும், தினமும் நடக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். வேறொருவர் என்றால் மறுநாள் காலை தேரோடும் வீதியைச் சுற்றி வந்திருப்பார். நான் ஞாயிறு இணைப்பிதழில் ஒரு கட்டுரை படித்தேன். வெளிநாட்டுக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு காட்டுப் பாதைகளில் நடக்கிறார்களாம். உடம்புக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது என்று போட்டிருந்தது. படம் அழகாக இருந்தது. என் குடும்பத்தை அந்தப் படத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டேன்.

"நம்ம பக்கம் ஏதுங்க மலை?" என்று என் மனைவி கேட்டாள்.

"மலை எதுக்கு? காடு போதும். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்துல காப்புக்காடு இருக்கு."

"அங்க என்ன பாக்குறது?"

"பாக்குறது இல்ல. நடக்குறது."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கல்யாணமான பிறகு அவள் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம் அது.

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான், மனைவி, நான்காவது படிக்கும் மகள், கூடவே மச்சான். மச்சான் என்பது மனைவியின் தம்பி. குடிகாடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவனை, தூங்கவிடாமல் இழுத்துக்கொண்டு போனேன்.

மனைவி புளிசோறு கட்ட அரிசி களைந்திருந்தாள். நான் தடுத்துவிட்டேன். நடைப்பயணத்தில் சுமை கூடாது என்று கட்டுரையில் இருந்தது. அதனால் கடலை உருண்டை, பிஸ்கட், பேரீச்சம்பழம். எனக்குப் புது கேன்வாஸ் ஷூ, தொப்பி, கழுத்தில் பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் இரவல் வாங்கிய விசில். கையில் பள்ளி ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்த திசைகாட்டி. பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "சார், ஸ்கூல் டூரா? பசங்க எங்க?" என்று கேட்டார்.

காட்டு ஓரத்தில் இறங்கியபோது வனக் காவலர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களை விசாரித்தார்.

"எங்க போறீங்க?"

"உள்ள போறோம்."

"உள்ள எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா நடந்துட்டு வரலாம்னு."

அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி காட்டைப் பார்த்தாள்.

"தீப்பெட்டி இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப போங்க. வண்டிப் பாதைய வுட்டு எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. செம்மண் பாதை, இருபுறமும் வரிசை வரிசையாகத் தைலமரம், நடுநடுவே முந்திரி. எங்கோ மயில் அகவியது. மகள் கீழே கிடந்த இறகு ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். நான் மண்ணின் நிறத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டே நடந்தேன். மச்சான் நடந்துகொண்டே தூங்கினான். பெருமையாக இருந்தது. பெருமை தலைக்கேறி, வண்டிப் பாதையை விட்டு இறங்கினேன். திசைகாட்டி கையில் இருக்கும்போது பாதை எதற்கு?

தைலமரக் காட்டில் எந்த மரமும் இன்னொரு மரத்தைப் போலவே இருக்கும். கொஞ்ச நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சி. நான் இடுப்பருகே திசைகாட்டியை வைத்துப் பார்த்துப் பார்த்து, "வடக்கு இது, நேராப் போனா ரோடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரோடு வரவில்லை. சூரைமுள் புதர் வந்தது. என் சட்டைக் கை கிழிந்தது. ஷூ இரண்டு குதிகால்களையும் கடித்திருந்தது.

மகள் என் பக்கத்தில் வந்து நின்று திசைகாட்டியை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க திரும்புனா ஊசியும் உங்க கூடவே திரும்புது."

திரும்பிப் பார்த்தேன். திரும்பியது. என் பெல்ட்டில் செல்போன் பவுச் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மூடியில் காந்தப் பட்டன். காலையிலிருந்து நான் வடக்கு என்று சொன்னதெல்லாம் என் இடுப்பை. பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குக் காந்த ஊசி பற்றிப் பாடம் எடுக்கிறேன்.

மச்சான் அப்போதுதான் முழுதாக விழித்தான். "மாமா, விசில ஊதிப் பாக்கலாமா?" என்றான். ஊதினேன். மயில்தான் பதில் சொன்னது.

பிஸ்கட் தீர்ந்தது. தண்ணீரும் அடிமட்டத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் தூரத்தில் ரேடியோ செட்டில் அம்மன் பாட்டு கேட்டது. பாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு திறப்பில் சின்னக் கோயில், மண் குதிரைகள், ஒரு வேன், கூட்டம். யாரோ குலதெய்வத்துக்குக் கெடா வெட்டிக் குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். அண்டாவிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. மச்சானின் கண்ணில் நீர் கோத்ததை நான் பார்த்தேன்.

விசேஷம் நடத்தும் வீட்டுக்காரர் ஓடிவந்தார். "வாங்க, வாங்க! பொண்ணு வூட்டுப் பக்கமா?"

"இல்லைங்க. நாங்க சிதம்பரம். காட்டுல நடந்துட்டு வர்றோம்."

"எதுக்கு?"

"சும்மாதாங்க. குடும்பத்தோட."

கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. என் தொப்பி, விசில், கிழிந்த சட்டை எல்லாவற்றையும் அவர்கள் பார்த்தார்கள். அந்த வீட்டு அம்மா என் மனைவியைத் தனியாக அழைத்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏம்மா, வூட்டுல ஏதாச்சும் தகராறா? அவுரு நல்லாத்தான இருக்காரு?" என்று கேட்டார்.

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "வேண்டுதல்ங்க," என்றாள் சட்டென்று. "ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு நடந்தே வர்றதா வேண்டிக்கிட்டோம். வழி தவறிட்டோம்."

எல்லார் முகமும் மாறியது. ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கால் கழுவத் தண்ணீர் வந்தது. இலை போட்டார்கள். கரண்டி என் இலைக்கு மேலே வந்த நேரத்தில் வீட்டுக்காரர் கத்தினார்: "டேய், சாமிக்கு நடக்குறவங்க! கறி போடாத!"

பிரியாணி அடுத்த இலைக்குப் போனது. எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கலும் மோர்சோறும் வந்தன. சர்க்கரையைக் குறைக்க நடக்க வந்தவன் நான்.

மச்சான் என் காதில் சொன்னான்: "மாமா, நான் எதுவும் வேண்டிக்கல." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, உரக்க, "ஏங்க, நான் சும்மா தொணைக்கு வந்தவங்க. எனக்கு வேண்டுதல் கெடையாது" என்றான். அவன் இலையை மாற்றினார்கள். அக்கா முறைத்ததை அவன் பார்க்கவே இல்லை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பாடு முடிந்ததும் வேன் கிளம்பத் தயாரானது. ஸ்ரீமுஷ்ணம் வழியாகத்தான் போகிறதாம். நான் ஆசையோடு அதையே பார்த்தேன்.

"ஒங்கள ஏத்திக்கலாம் சார்," என்றார் வீட்டுக்காரர் வருத்தத்தோடு. "ஆனா வேண்டுதல முறிச்ச பாவம் எங்களுக்கு வந்துடும். இந்த வண்டிப் பாதையிலயே போங்க, ரோடு வந்துடும். தொணைக்கு வந்த தம்பி வேணும்னா ஏறட்டும்."

தொணைக்கு வந்த தம்பி ஏறியிருந்தான். ஜன்னலோரம்.

"பாப்பா, நீயும் வாம்மா" என்று அந்த அம்மா மகளைக் கூப்பிட்டார். மகள் என் நொண்டும் காலைப் பார்த்தாள். பிறகு, "இல்ல, நானும் நடந்தே வரேன்" என்றாள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன்.

வேன் புழுதி கிளப்பிப் போனது. மச்சான் கையசைத்தான்.

ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ரோடு ஏறிய பிறகு மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. நடுரோட்டில் நின்று சிரித்தாள். மகளும் சேர்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை.

"என்ன வேண்டுதல்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரருக்குப் புத்தி வரணும்னு."

எங்களை எதுவும் அவசரப்படுத்தவில்லை. பள்ளிக் கதை, அவளுடைய அக்கா மகள் கல்யாணம், மகளுக்கு ஏன் கணக்கு வரவில்லை என்று என்னென்னவோ பேசினோம். வீட்டில் அப்படிப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. ஸ்ரீமுஷ்ணம் போய்ச் சேர்ந்தபோது, பெருமாள் கோயில் வாசலில் மச்சான் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் நடை திறந்ததும் உள்ளே போனோம். மனைவி கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாளா, நிஜமாகவே எதையாவது வேண்டிக்கொண்டாளா, தெரியாது. நான் கேட்கவில்லை.

மறுநாள் வகுப்பில் உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். ஆசிரியர் அறையில் காரணம் கேட்டார்கள். "டிரெக்கிங் போயிருந்தோம்" என்று சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. கணக்கு ஆசிரியர், "அப்படியா சார்! பேமிலியோட வரலாமா?" என்று கேட்டார். "தாராளமா வரலாம், லேசான நடைதான்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் மூன்று குடும்பமாகப் போனோம். மனைவி முன்னால் நடந்தாள். பெரிய தூக்குவாளியில் புளிசோறு இருந்தது. அதைச் சுமக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.