புதன்கிழமை லுசாக்கா, வியாழக்கிழமை யாங்கோன்

பர்மாவின் யாங்கோனில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் பெயரைக் கேட்ட கையோடு இன்னொரு கேள்வியும் வந்துவிடும்: "எந்தக் கிழமை பிறந்தவள்?" நம்மூரில் ராசி, நட்சத்திரமெல்லாம் கல்யாணத் தரகர்தான் கேட்பார். இங்கே காய்கறிக்காரி கேட்பாள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்பார். புத்தர் கோயிலான பகோடாவை இங்கே பயா என்போம். அதைச் சுற்றி எட்டு மூலை, மூலைக்கு ஒரு கிழமை, கிழமைக்கு ஒரு மிருகம். வாரத்துக்கு ஏழு நாள்தானே, எட்டாவது எங்கிருந்து முளைத்தது என்று வந்த புதிதில் நானும் கேட்டேன். கணக்கு வாத்தியார் மகள் வேறெப்படிக் கேட்பாள்? புதன்கிழமையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்களாம். காலைப் புதனுக்குத் தந்தமுள்ள யானை. மத்தியானத்துக்கு மேல் ராத்திரி முடிய மாலைப் புதன், அது ராகுவுக்குச் சொந்தம், அதன் யானைக்குத் தந்தம் கிடையாது. அவரவர் மூலைக்குப் போய், வயதுக்கு ஒன்று கூட்டி அத்தனை கிண்ணம் தண்ணீரை அங்கிருக்கும் சிலைக்கு ஊற்றி வேண்டிக்கொள்ள வேண்டும். ஊருக்கெல்லாம் சுலபமான இந்தக் காரியம் எனக்கு மட்டும் வம்பாகிவிட்டது. நான் இரண்டு கிழமைகளில் பிறந்தவள்.

விளக்கமாகச் சொல்கிறேன். அப்பா சாம்பியா நாட்டில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, லுசாக்கா ஆஸ்பத்திரியில் ஒரு புதன்கிழமை இரவு, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் நான் பிறந்தேன். அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. எனக்குக் கல்யாணம் பேசியபோது, யாங்கோனில் தின்கன்ஜூன் வாசியான என் வருங்கால மாமியார் போனில் கேட்டதற்கும் அப்படித்தான் சொன்னார். புதன் மாலை என்றதும் அந்தப் பக்கம் ஐயோ என்று ஒரு சத்தம். மருமகள் ராகுக்காரியா! வருங்காலக் கணவர் செல்வம் அப்போதுதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அம்மா, லுசாக்காவுக்கும் நமக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். அங்க ராத்திரின்னா இங்க விடியக்காலம். நம்ம ஊருல அது வியாழக்கிழமை" என்றார். அத்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வியாழன் என்றால் குரு, படிப்பு, யோகம். சூரியன் உதித்தால்தானே நமக்கு அடுத்த நாள் என்று என் அம்மா பஞ்சாங்கத்தை இழுத்துப் பார்த்தார். "பயாவுல பஞ்சாங்கம் செல்லாதுங்க. புள்ள எங்க வந்து சேரப்போவுதோ அந்த ஊரு நேரந்தான் அதுக்கு நேரம்" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். வியாழனுக்குப் பொருத்தமாக மா மியா என்று ஒரு பர்மியப் பெயரும் வைத்தார். வியாழனின் மிருகம் எலி. வந்த நாளிலிருந்து நான் அந்த எலிக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் நான் எழுதிய நாவல் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. லுசாக்காவில் எங்கள் தெருமுனையிலிருந்த பெட்ரோல் பங்க்கைச் சுற்றி நடக்கும் கதை. ஆங்கிலத்தில் எழுதி, ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்களின் முதல் நாவலுக்கென்று ஒரு பரிசு இருக்கிறது. அந்தக் கண்டத்தில் பிறந்திருந்தாலே போதும், எழுதி அனுப்பலாம். அனுப்பினேன். கடைசி ஐந்து பேரில் ஒருத்தியாக வந்துவிட்டேன் என்று மின்னஞ்சல் வந்தபோது நான் அடுப்பில் ரசத்தை வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தே விட்டது.

அத்தையிடம் சொன்னேன். அவர் முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பைப் பூசிக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தோடு கை நின்றுவிட்டது.

"ஆப்பிரிக்காக்காரங்களுக்குக் குடுக்குற பரிசு ஒனக்கெப்படிடி?"

"நான் அங்கதானே அத்தே பொறந்தேன்."

"பொறந்தே. சரி. அதுக்காக?"

அதற்காக என்ன என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எதிர்வீட்டு டோ கின் அம்மாளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தெருமுனையில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிறவர், செய்தியைக் காதில் வாங்கிய உடனே ஓடி வந்து பர்மிய மொழியில் கேட்டார்: "அமலே! மா மியா, நீ சிங்கத்தோடவா வளர்ந்தே?" உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் உயிரோடு பார்த்த முதல் சிங்கம் யாங்கோன் மிருகக்காட்சிசாலைச் சிங்கம், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊர்ப் பயாக்களின் வாசலில் உட்கார்ந்திருக்கும் சுதைச் சிங்கம் போல ஒன்றைக்கூட நான் லுசாக்காவில் கண்டதில்லை. டோ கின்னுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. என்னை அடக்கமான பெண் என்று முடிவு கட்டிக்கொண்டு, வளர்த்த சிங்கம் செத்துப்போன துக்கத்தில் பேச மறுக்கிறேன் என்று மொஹிங்கா சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் வந்து துக்கமே விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மின்னஞ்சலின் கடைசியில் ஒரு சின்னக் கேள்வி இருந்தது. பரிசை அறிவிக்கும்போது உங்கள் பெயருக்குப் பின்னால் எந்த நாட்டைச் சொல்லட்டும்? மற்ற நால்வருக்கும் இதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறந்தது சாம்பியா, பாஸ்போர்ட் இந்தியா, சமைப்பது பர்மாவில். லுசாக்காப் பள்ளிக்கூடத்தில் நான் "இந்தியப் பெண்". மத்தியானம் நான் சாந்தாவின் டப்பாவிலிருந்து சோளக்களியைப் பிய்த்து என் சாம்பாரில் தோய்த்துத் தின்பேன். பக்கத்து பெஞ்சுக்காரி அவள். எங்கள் தமிழ்ச் சாந்தா இல்லை, சாம்பியாச் சாந்தா. மேல்படிப்புக்கு என்று அப்பா என்னை மதுரைக்கு அனுப்பியபோது விமான நிலையம் வரை வந்து கட்டிப்பிடித்து, "ஒருவழியா உன் வீட்டுக்குப் போறே" என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ சுருக்கென்றது. அப்படியானால் இதுவரை இருந்தது யார் வீடு? மதுரை விடுதியில் இறங்கினேன், இரண்டாம் நாளே எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். என்ன பெயர்? "சாம்பியா"தான்! லுசாக்காவில் ஒருவரும் எனக்குத் தராத நாட்டை மதுரையில் கேலியாகத் தூக்கிக் கொடுத்தார்கள். இதைப் படிக்கிற, வெளிநாட்டில் பிள்ளை பெற்ற தாய்மார்களே, உங்கள் பிள்ளைக்கும் இது நடக்கும். இப்போதே ஒரு நல்ல பதிலைச் சொல்லிக் கொடுத்துவையுங்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பரிசு வேண்டும் என்றிருந்தது. அதைவிட, யாராவது ஒருவர், ஒரே மூச்சில், என் பெயரையும் சாம்பியாவையும் சேர்த்துச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் நானாக எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்வது, விருந்தில் நானே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்வது மாதிரி இருந்தது. பதில் எழுதாமல் நாளைக் கடத்தினேன்.

அத்தை நாளைக் கடத்துகிற ஆள் இல்லை. மருமகளுக்குப் பரிசு என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இனி கிடைக்காமல் போனால் அவருக்குத்தான் அவமானம். பயாவில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றார். செல்வம் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, வழக்கம்போல வேண்டாத வேலையைச் செய்தார்.

"ஆப்பிரிக்காக்காரின்னு சொல்லிப் பரிசு வாங்கப் போறவ, யாங்கோன் கிழமைக்குத் தண்ணி ஊத்துனா அது கள்ளாட்டம் இல்லியா?"

"வாய மூடு. எலிதான் இவளுக்கு" என்றார் அத்தை.

"இல்ல அத்தே" என்றேன் நான். எனக்கே குரல் புதிதாக இருந்தது. "இந்த ஒரு தடவை ராகுவுக்கு ஊத்துறேன்."

"ராகுவையா? ஊரே அவரு கண்ணுல படாம ஒதுங்குது, நீ போயி வாசல்ல நின்னு கூப்புடுறியா?"

"நான் பொறந்தப்போ அங்க புதன்கிழமை அத்தே. அம்மாவுக்கு வலி வந்ததும் அங்கதான், நான் அழுததும் அங்கதான்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பயாவுக்குக் கூடவே வந்தார். யாரோ கணக்குப் போட்டு வைத்தது போல, ராகுவின் மூலை வடமேற்கு, வியாழனின் மூலை மேற்கு. பக்கத்துப் பக்கத்து வீடு. நான் தந்தமில்லாத யானையிடம் போனேன். அத்தை விடுவிடுவென்று எலிக்குப் போய், எனக்குக் கேட்கிற மாதிரி உரக்க ஊற்ற ஆரம்பித்தார்: "எம் மருமவ சார்பா இது! அவளுக்குப் புத்தி சரியில்ல, நீங்க கணக்குல வச்சுக்கங்க!" நானும் விடவில்லை, கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன். என் யானைக்கு அருகில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பர்மிய அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது யார்?" என்றார். மாமியார் என்றேன். "ஓ, சண்டையா?" என்றார். இல்லை, நேர வித்தியாசம் என்றேன். என் பர்மிய மொழியில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அவர் என் கையைத் தடவி, "எல்லா மாமியாரும் அப்படித்தான்" என்றார்.

ஈரக் காலோடு வீடு திரும்பிய உடனே பதில் எழுதினேன். லுசாக்கா, சாம்பியா.

அறிவிப்பு அங்கே நடுப்பகல், இங்கே மாலை நாலரை மணி. அந்நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது, போகாவிட்டால்தான் இங்கே ஆச்சரியம். செல்வத்தின் போனில்தான் பார்த்தோம். வாசலில் பாதித் தெரு நின்றது. டோ கின் ஒரு பெரிய பாத்திரம் மொஹிங்காவையே இறக்கி வைத்திருந்தார். திரையில் ஒரு பெண்மணி ஐந்து பெயர்களைப் படித்தார். நான்காவது பெயர் என்னுடையது. "வசந்தி, சாம்பியா." அவ்வளவுதான். அந்த அம்மாளுக்கு அதில் யோசனை ஒன்றும் இல்லை, கடைக்காரர் அரிசி, பருப்பு என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

"அது யார் வசந்தி?" என்றார் டோ கின்.

பதினோரு வருஷமாக நான் அவருக்கு மா மியா. செல்வம் என்னைச் சுட்டிக் காட்டியதும், பரிசே கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தெரு கைதட்டியது. கைதட்டல் ஓயும் முன் திரையில் பரிசு ஒரு மலாவி நாட்டுப் பெண்ணுக்குப் போய்விட்டது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. பரிசு போனதற்குக் கொஞ்சம், அந்த இரண்டு வார்த்தைக்கு மீதி.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பொண்ணு என்ன கெழமை பொறந்தவளாம்? கேளுடா!" என்று செல்வத்தை விரட்டினார். போனில் அதெல்லாம் கேட்க முடியாது என்று அவர் சொன்னதும் என் பக்கம் வந்து உட்கார்ந்தார். "அழாதடி. அடுத்த வருஷம் ஒழுங்கா எலிக்கே ஊத்துவோம்."

"அடுத்த வருஷம் கிடையாது அத்தே. முதல் நாவலுக்கு மட்டும்தான் இந்தப் பரிசு. ஒருத்திக்கு முதல் நாவல் ஒண்ணுதானே இருக்க முடியும்."

அந்த நேரத்தில் என் போன் துடித்தது. சாந்தா. அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பார்த்தாளாம். கீழே ஒரே ஒரு வரி: எப்போது உன் வீட்டுக்கு வருகிறாய்?

அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வருகிறாய் என்றா போட்டிருக்கிறாள், போகிறாய் என்று இல்லையா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். அப்புறம் எதிர்வீட்டுப் பாத்திரத்திலிருந்து ஒரு கிண்ணம் மொஹிங்கா எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு கெழமை பொறந்தவளுக்கு" என்றார், "ரெண்டு மொதல் நாவல் இருக்கக்கூடாதா?"

இன்னொன்றை யாங்கோனைப் பற்றி எழுதச் சொல்கிறார். அதில் மாமியார் வந்தால் நல்லவராக வர வேண்டுமாம். இப்போது பயாவுக்குப் போனால் எலிக்கு ஊற்றி முடித்ததும் அத்தை கடைசிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வடமேற்கு மூலையைப் பார்க்கிறார். "போ, அவருக்கும் ஊத்திட்டு வா. அங்க ராத்திரி ஆயிடப்போவுது" என்கிறார். நான் தண்ணீர் தளும்பாமல் தந்தமில்லாத யானையை நோக்கி நடக்கிறேன், அவர் எலியின் பக்கத்தில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.