தேசிங்கின் குரல் கேட்கத் திண்டிவனம் வரை

போன ஞாயிற்றுக்கிழமை கோலியனூரிலிருந்து திண்டிவனம் போய் வந்தேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அதற்கு முந்தைய வாரம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணம் தேசிங்கு.

தேசிங்கு எங்கள் கூத்து ஜமாவில் திரௌபதி வேஷம் கட்டியவன். அவன் முன்னால் ஆடுவான், நான் பின்னால் நின்று பின்பாட்டுப் பாடுவேன். நடிகர் பாடிய அடியை வாங்கித் திருப்பிப் பாடுவதுதான் பின்பாட்டு. அவருக்கு மூச்சு வாங்கினாலும் அடி மறந்தாலும் பாட்டு அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினான்கு வருஷம் அப்படி நின்றோம். பிறகு ஒரு குழுவோடு பிரான்சுக்கு ஆடப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். ஓட்டலில் பாத்திரம் கழுவி, நாடகப் பள்ளியில் அடவு சொல்லிக்கொடுத்து, கடைசியில் தனி ஆளாக மேடையேறிப் பேர் வாங்கினான். முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் நம் பக்கம் ஆட வந்திருக்கிறான்.

அவனுடைய வீடியோ ஒன்று எங்கள் தெருவில் சுற்றியது. துகில் உரியும் இடத்தில் பாடாமல் சும்மா நிற்கிறான். "அவனுக்குத் தொண்ட போயிடுச்சிடா ஏழுமல. அத மறைக்கத்தான் நிக்கிறான்" என்றான் எங்கள் பழைய மத்தளக்காரன். பாட்டு தெரிந்த நம் சனங்கள் முன்னால் அது வெளிப்பட்டால் எவ்வளவு அவமானம்! நேரில் கேட்காமல் எனக்கு ஆறாது.

காலை 7.10க்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் பலகைகளை நானே படித்தேன். எழுபது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான். 'திண்டிவனம்' என்று கூட்டி முடிப்பதற்குள் அந்தப் பேருந்து போய்விட்டது. வருத்தமே இல்லை. நானே படித்துத் தவறவிட்ட பேருந்து அது!

7.50க்கு அடுத்தது. டிக்கெட் முப்பது ரூபாய். விக்கிரவாண்டி தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். நான் இரண்டு முறை இறங்கி ஏறினேன்.

"ஜல்தியா எடுங்க தம்பி, பத்து மணிக்கு ஆட்டம்."

"இன்னா பெருசு, பொண்ணு பாக்கப் போறியா?" என்றார் ஓட்டுநர்.

"ஆமா, திரௌபதிய!"

"அந்தம்மாவுக்கு ஏற்கெனவே அஞ்சு பேரு. ஒக்காரு பெருசு."

9.05க்கு மேம்பாலத்தருகே இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய்.

மேடையில் தேசிங்கு மட்டும்தான். மத்தளம், முகவீணை எல்லாம் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வந்தன. அரை மணி நேரம் வாய் திறக்காமல் ஆடினான். எனக்கு நாற்காலி குத்தியது. பிறகு துகில் உரியும் சபைக் கட்டம் வந்தது. பெட்டியை நிறுத்தினார்கள். "கேட்பார் இல்லையோ..." என்று தாழ்ந்த குரலில் எடுத்தவன், பாதியில் நின்றுவிட்டான். அடுத்த அடி வரவில்லை. யாரோ இருமினார்கள்.

"மறந்துட்டாரு போலக்கீது" என்றது பின்னால் ஒரு குரல்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "இந்தச் சபையிலே கேட்பார் இல்லையோ!" என்று பாடிவிட்டேன். மண்டபம் மொத்தமும் திரும்பியது. அடையாள அட்டை மாட்டிய ஒருவர் என்னை உட்காரவைக்க ஓடி வந்தார். தேசிங்கு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பார்த்தபடியே அடியை வாங்கி, மேலே தூக்கிப் பாடினான் பாருங்கள், அவன் தொண்டை எங்கேயும் போகவில்லை! நான் திருப்பினேன், அவன் வாங்கினான். ஓடி வந்தவர் நடுவழியில் நின்றுவிட்டார்.

ஆட்டம் முடிந்து உள்ளே போனேன். எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய் ஏழுமல, பிரான்சுல பேர் போன எடமே நான் அப்டி நிக்கிறதுதான்டா. சனம் மூச்சு வுடாம பாக்கும். வந்து ஒடச்சிட்டியே!"

எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. "நீ மறந்துட்டன்னு நெனச்சேன்டா."

துடைத்த துணியைக் கீழே வைத்தான். "மொத தடவ நெசமாவே மறந்துதான்டா போச்சி. திரும்பிப் பாத்தேன். வாங்கிப் பாட ஆளில்ல. இன்னா பண்றது, அப்டியே நின்னுக்கினு இருந்தேன். எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க. அதுலருந்து நின்னுக்கினுதான் இருக்கேன்."

அந்த நேரமெல்லாம் நான் கோலியனூரில் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். சென்னைப் பேருந்துகள் பல, திண்டிவனம் ஊருக்குள் போவதில்லை. ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். ஆட்டோவுக்கு முதலிலேயே பேசிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மண்டபத்தில் தண்ணீர் மட்டும்தான். ஓரமாக உட்காருங்கள், எழுந்திருக்க வசதி.

இவ்வளவையும் எழுத எனக்கு ஆறு நாள் பிடித்தது. நாளை அவனுக்குப் புதுச்சேரியில் ஆட்டம். பின்பாட்டுப் பாட என்னையும் கூப்பிட்டிருக்கிறான். கோலியனூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனாலும் சட்டையை இப்போதே தேய்த்து வைத்துவிட்டேன். எந்த இடத்தில் பாட்டை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டேன்.

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். நான் நிப்பேன். ஒனக்கு எப்போ தாங்கலையோ, அப்போ எடு" என்றான்.