சுடாத ரேடியேட்டர்

எங்கள் கார் எனக்கு மூத்தது. அதன் சொந்த இன்ஜின் போன பிறகு, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த ஓர் இன்ஜினை, பிறை நகரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி ஒருவர் பொருத்திக் கொடுத்தார். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. பிறைக்குப் போகும் வழியிலுள்ள கடல் பாலத்தில் ஜாம் ஆனால் மட்டும் சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போய்விடும். கடைசியாக அங்கே ஓரத்தில் நின்றபோது மனைவி சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் சரியாகலைன்னா வித்துடுங்க. வாங்கிக்கிறேன்னு கேட்டுக்கிட்டிருக்கிற அந்த அண்ணன்கிட்டயே குடுத்துடலாம்."

சரி என்றேன். விற்க மனமில்லை. நாலு பேர் மத்தியில் வாய் திறக்காதவன் நான். அந்தக் காரை எங்காவது நிறுத்தினால் யாராவது வந்து எதையாவது கேட்பார்கள், நானும் பதில் சொல்வேன். இதை அவளிடம் சொல்லக்கூட எனக்குக் கூச்சம்.

தம்பி ஏற்கெனவே பெரிய ரேடியேட்டர் போட்டிருந்தார். இன்னொரு ஃபேனும் வைத்திருந்தார். அன்று நானும் மனைவியும் போனபோது இன்ஜினை ஓடவிட்டு, ஊசி ஏறுவதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். கார் என்பது அவர் வாயில் எப்போதும் 'கெரெத்தா'தான்.

"இந்தக் கெரெத்தாவுக்கு இனி லோரி ரேடியேட்டர்தான் லா அண்ணே."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முன்பக்கம் நின்றிருந்தேன். இன்ஜினின் அனல் முகத்தில் அடித்தது. ரேடியேட்டரைத் தொட்டேன். வெதுவெதுப்புதான்; கையை எடுக்கத் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவரிடம் நான் என்ன சொல்வது என்ற தயக்கத்தோடு மெதுவாகச் சொன்னேன்.

"ரேடியேட்டர் சுடலையே தம்பி."

இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "அவரு என்ன உங்களைக் கடிச்சுத் தின்னுடப்போறாரா?"

சத்தமாகச் சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்ஜினை ஒட்டி வளைந்திருந்த சின்னக் குழாயில் விரலை வைத்து, சட்டென்று உதறினார்.

"தண்ணி ரேடியேட்டருக்கே வரல அண்ணே. இந்தக் குறுக்கு வழியிலயே சுத்துது."

"அடைப்பா?"

"அடைக்க அங்க என்ன இருக்கு? தெர்மோஸ்டாட்டைத்தான் நானே கழட்டிட்டேனே. இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியைத் தடுக்கிற வால்வு, குளிர் ஊருக்குத்தானே அது, நமக்கு எதுக்குன்னு எல்லா கெரெத்தாவுலயும் கழட்டிடுவேன்..."

பேச்சை நிறுத்தி உள்ளே போனவர் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அது நிறைய, பல கார்களிலிருந்து கழற்றிய சின்னச் சின்ன வால்வுகள். எங்களுடையதைத் தேடி எடுத்து, குவளையில் கொதிநீர் ஊற்றி உள்ளே போட்டார். சிரித்தவர்களும் குனிந்து பார்த்தார்கள். சூடு ஏறியதும் ஒரு பக்கம் வாய் திறந்தது. அடியில் இருந்த தட்டு கீழே இறங்கியது.

"இந்தத் தட்டுதான் குறுக்கு வழியை மூடும்," என்றார், என்னைப் பார்க்காமல். "பழைய இன்ஜின்ல இந்தத் தட்டு கிடையாது அண்ணே, கழட்டினாலும் ஒண்ணும் ஆகாது."

மேலும் மேலும் எதைச் சேர்க்கலாம் என்றே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எதை எடுத்தோம் என்று யாரும் யோசிக்கவில்லை.

வால்வை மீண்டும் பொருத்திக்கொண்டு மாலையில் திரும்பும்போது பாலத்தில் நல்ல ஜாம். ஊசி பாதிவரை வந்து அங்கேயே நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"அண்ணே, அந்தக் கார் விஷயம்... இல்ல, விக்கல. சரியாயிடுச்சு. ஆகலைன்னாலும் எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்க மனசில்ல லா அண்ணே. வாயத் திறந்து சொல்லமாட்டாரு."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. நானும் காரை மெல்ல நகர்த்தினேன்.