தப்பாக ஓட்டத் தெரிந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டுநர் பயிற்சிக் காரின் பின்சீட்டில் அத்தான் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருக்கிறார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் யாரோ ஒரு மருந்துக்கடைக்காரர். கார் தவளை மாதிரி குதித்து நின்றுபோகிறது. சொல்லிக்கொடுப்பவர் தலையில் அடித்துக்கொள்கிறார். அத்தான் முகத்திலோ பரம திருப்தி. "பிரமாதம் சார்! இப்ப எதுக்குக் கிளட்ச்லேர்ந்து காலை எடுத்தீங்க, பயந்தா? எங்க, அதே மாதிரி இன்னொரு தடவை பண்ணுங்க."

மருந்துக்கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்க்கிறார். பார்க்காமல் என்ன செய்வார்?

என் அக்காவின் கணவர் சோதனை விமானி. விமானப்படைக்காகப் புதிதாக உருவாகிவரும் ஜெட் பயிற்சி விமானத்தில், கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் என்னென்ன கோணல் செய்வார்களோ அதையெல்லாம் முன்கூட்டியே செய்து பார்ப்பது இவர் பொறுப்பு. "எல்லாருக்கும் தப்புப் பண்ணினா வேலை போகும் மாப்ள. எனக்குத் தப்புப் பண்ணலைன்னா போயிடும்" என்பார்.

கஷ்டம் என்னவென்றால், தப்பு அவருக்கு வரவே வராது. கழற்றிய செருப்பைக்கூடச் சுவரோடு ஒட்டி நேராக வைக்கிற மனிதர். அதனால்தான் இந்தப் பின்சீட்டுப் படிப்பு. அதே காரில் ஓட்டப் பழகிய என் அக்காதான் அங்கே அவர் கண்டெடுத்த ரத்தினம். எதிரே எதையாவது பார்த்துப் பயந்துவிட்டால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். யார் கத்தினாலும் விடமாட்டாள். "உங்க அக்காவை அடிச்சுக்க ஆளே இல்ல" என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார். பேசுகிறவர், அவள் ஓட்டும்போது மட்டும் ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியை வீடு வந்து சேரும்வரை விடுவதில்லை.

விமானத்துக்கும் அந்த இறுக்கிப் பிடிக்கிற கைதான் தலைவலியாக இருந்தது. விமானம் சுழன்றுகொண்டே விழ ஆரம்பித்தால், பழகிய கைக்கு அதை மீட்கத் தெரியும். பயந்த கை விமானத்தை ஓட்டும் பிடியை நெஞ்சோடு இழுத்து வைத்துக்கொள்ளும். "எப்பவாவது விடும்ல? விட்ட உடனே விமானம் தானா நிமிரணும் மாப்ள. சின்னப் பிள்ளைங்க ஏறப்போற வண்டி." முதல் தடவை அவர் அப்படி விழுந்து பார்த்தபோது அது நிமிரவில்லை. சுழற்சியை நிறுத்தவென்றே விமானத்தின் வாலில் வைத்திருந்த பாராசூட்டை விரித்துத் தப்பித்தார். பொறியாளர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, விமான மூக்கின் இருபுறமும் மெல்லிய தகடுகளைப் பொருத்தினார்கள். அது சரியா என்று தெரிய மறுபடி விழுந்துதான் பார்க்க வேண்டும்.

என்றைக்கு என்று அக்காவிடம் சொல்லமாட்டார். அவளுக்குத் தெரிந்துவிடும். மற்ற நாளெல்லாம் உப்பு ஜாஸ்தி, உப்புக் குறைச்சல் என்று அவள் உயிரை வாங்குபவர், அன்று மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுவார்.

போன வியாழக்கிழமை தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்று கிளம்பிப் போனார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சமைத்ததை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பே போடவில்லை.

அப்புறம் அவள் துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். ஓர் எழுத்துகூட உள்ளே போகவில்லை. எனக்கும் பயம்தான், மறைப்பானேன்.

மத்தியானம் போன் அடித்தது. எடுத்ததுமே அத்தான் சத்தம் எனக்கும் கேட்டது. "ஏம்மா, காலையில ஒரு கல்லு உப்புக்கூட இல்லையே! உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "இனிமே உங்களுக்கு உப்பே கிடையாது, போங்க!"

"கையை விட்டேன்மா," குரல் இறங்கியது. "தானா நிமிர்ந்துக்கிச்சு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அங்கேயே இருங்க, நானே வந்து கூட்டிட்டு வரேன்" என்று கார்ச் சாவியை எடுத்துவிட்டாள். காவலுக்கு நான் பக்கத்தில். விமானதள வாசலில் அத்தான் ஏறிக்கொள்ள, நான் பின்சீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததுமே அவர் கை மேலே போய்ப் பிடியைப் பற்றிக்கொண்டது.

ரவுண்டானாவில் ஒரு லாரி குறுக்கே திரும்பியது. அக்கா பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி, இன்ஜின் அணைந்து நின்றது. பின்னால் ஆளாளுக்கு ஹாரன். அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் இறுகிவிட்டன. "ஏங்க, என்ன பண்றது? சொல்லுங்களேன்!"

அத்தான் அவளையே பார்த்தார். பிறகு பிடியிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.