பச்சை போட்ட கட்டம்

ஐடா என்ற பெயரை கேஜிஎஃப் பாலகாட் லைன் முழுக்க முதன்முதலாகக் கேட்டது ஓர் ஏர் பிளாஸ்ட் அன்றுதான். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகும், உள்ளே தண்ணீர் ஏறி எங்கோ ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே பூமி ஆடும். அதற்கு இங்கே அந்தப் பெயர். ஆடினால் லைன் என்கிற அந்த வரிசை வீட்டுக்காரர்கள் வெளியே ஓடிவந்து அவரவர் வாசலில் நிற்க வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. அன்றைக்கு ஃப்ளோரா மட்டும் வாசலில் நிற்காமல் தெருவில் மேலும் கீழும் ஓடி, "ஐடா! அடி ஐடா!" என்று கத்தினாள். அவர்கள் குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஆறு வயசுப் பெண் கடைசி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"இங்க இன்னாடி பண்றே?" என்று முதுகில் ஒன்று வைத்தாள் ஃப்ளோரா.

"இந்த வூட்டுக்காரரு இன்னும் வரலம்மா. கதவு மூடினே கீது."

கதவைத் தள்ளிப் பார்த்தால், காது கேளாத மனுஷன் ஓடு விழுந்த நெற்றியோடு கட்டிலில் மயங்கிக் கிடந்தார்.

ஃப்ளோரா யாரென்றால், ஆண்டர்சன்பேட்டை தையல்கடை மரியகுழந்தையின் அக்கா மகள். அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் ஓரிடத்தில் உட்கார வராது. ஐடாவுக்குக் கால் தரையில் பாவவே பாவாது. அப்படிப்பட்டவளுக்கு, வளர்ந்ததும், நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரும் வேலை கிடைத்தது. பெங்களூரில் ஒரு மேப் கம்பெனி. எந்த தேசத்தில் பூகம்பம் வந்தாலும், சாட்டிலைட் மேலேயிருந்து எடுத்த படம் அங்கே வந்துவிடும். ஆடுவதற்கு முன் எடுத்தது ஒன்று, ஆடிய பின் எடுத்தது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். இடிந்திருந்தால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள், ஒன்றும் ஆகவில்லை என்றால் பச்சை. அந்த மேப்பை வைத்து, அங்கே மண்ணைத் தோண்டுகிற ஆட்கள் முதலில் சிவப்புக்குப் போவார்கள், அப்புறம் மஞ்சளுக்கு. பச்சைப் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள்.

போன வருஷம் கடல் கடந்த ஒரு மலைநாட்டில் பூமி ஆடி, ஊர் ஊராகச் சரிந்தது. ஐடாவுக்கு நைட் ஷிஃப்ட். முடித்துவிட்டு, கண்ணெரிச்சலோடு காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே காத்தவராயன். ஒரே லைன்காரர், பெங்களூரில் வாட்ச்மேன்.

"இன்னாம்மா, ஆகாசத்துலேர்ந்து பாத்தா எங்க வூடு தெரியுதா?"

"தெரியுதுண்ணா. கூரைமேல நீங்க காயப்போட்ட லுங்கில ரெண்டு ஓட்டை."

"அப்போ நாளைக்குப் புதுசு போடறேன், நல்லா படம் எடு."

அவள் சிரித்தாள். பங்காருபேட்டை தாண்டி வண்டி கோரமண்டல் பக்கம் திரும்பியதும் சயனைடு மேடு தெரிந்தது. தங்கம் பிரித்த பின் கொட்டிய சாம்பல் மண், மலை மாதிரி. காலை வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்து, எத்தனையோ வருஷத்து மழை அறுத்த வரிகளை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகக் காட்டியது.

ஐடாவின் சிரிப்பு நின்றது.

விடியற்காலையில் அவள் பார்த்த ஒரு கட்டம் நினைவுக்கு வந்தது. ஆற்றோரம் வரிசை வீடுகள், பக்கத்தில் ஒரு சாம்பல் மேடு. முந்தைய படத்தில் அந்த மூலையை மேகம் மறைத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் மஞ்சள் போட்டிருப்பார்கள். வரிசை வீடு என்றால் பக்கத்தில் மேடு இருக்கும் என்பது கேஜிஎஃப்பில் பிறந்தவளுக்குக் கேள்வியே இல்லை. யோசிக்காமல் பச்சை போட்டாள். ஆனால் அந்த மேட்டில் ஒரு வரிகூட இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. ஒரு மழையும் பார்க்காத மண். ராத்திரியோடு ராத்திரியாக மலையிலிருந்து இறங்கிய மண்.

போனை எடுத்து ஷிஃப்ட் லீடர் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை கிடைத்தார்.

"சார், ஒரு பச்சை தப்பு. ஆத்துக்கு மேற்கால, ரெண்டு பாலத்துக்கும் நடுவுல."

"அய்யோ தேவ்ரே, ரயில்ல கனவு கண்டியா? மேப் எட்டு மணிக்கே போயிடுச்சும்மா."

"படத்தைத் திறந்து பாருங்க சார். இடது பக்கம் ஒரு தெரு மேட்டுக்குள்ள போவுதா?"

மவுசின் டக் டக் கேட்டது.

"போகுது."

"வலது பக்கம் வெளிய வருதா?"

"வரல," என்றார் மஞ்சுநாத். பிறகு மெதுவாகச் சொன்னார்: "திருத்தம் அனுப்பணும்னா யார் தப்புன்னு பேர் எழுதணும் ஐடா. உன் பேர் மேல வரைக்கும் போகும்."

"எழுதுங்க சார். சீக்கிரம் எழுதுங்க."

வீட்டுக்கு வந்தாள், உட்காரவில்லை. ஃப்ளோரா வைத்த இட்லி காய்ந்தது. வாசலிலிருந்து லைன் கடைசிவரை நடந்தாள், திரும்பி வந்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். மேட்டைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவேதான் நின்றது.

"நீ நடந்தா அங்க மண்ணு தானா வெலகிடுமாடி? உக்காந்து தின்னு."

"ஒரு தெரு ஜனம்மா. வாசல்ல வந்து நின்னாங்களோ இல்லியோ, யாரும் பாக்கல. நான் பாக்க வேண்டியவ, பச்சை போட்டுட்டு வந்துட்டேன்."

ஃப்ளோரா இட்லித் தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டு, மகளோடு தானும் நடந்தாள்.

மதியம் இரண்டேகாலுக்கு மஞ்சுநாத் கூப்பிட்டார். அங்கே டிரோனைப் பறக்கவிட்டுப் பார்த்தார்களாம். மண்ணுக்கு அடியில் தெரு இருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள். ஒரு பெண்ணையும் அவள் மாமனாரையும் உயிரோடு எடுத்தாயிற்று.

"மத்தவங்க?"

"தோண்டிக்கிட்டே இருக்காங்க."

"எட்டு மணிக்கே சிவப்பு போட்டிருந்தா, சார்?"

"அதை என்கிட்ட கேக்காதேம்மா."

வேறு யாரிடம் கேட்பது? ஆபீசில் அவளை ஒரு வாரம் வேலை கொடுக்காமல் உட்காரவைத்தார்கள். அந்த ஒரு வாரமும் அவள் அந்தத் தெருவின் கூரைகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை ஒருநாளும் முடியவில்லை. எட்டாம் நாள் கூப்பிட்டு, மற்றவர்கள் பச்சை போட்ட கட்டங்களை மட்டும் மறுபடி பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். அவளாகவே கேட்டு வாங்கியது என்று மஞ்சுநாத் காத்தவராயனிடம் ஒருநாள் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்.

இப்போதும் அதே கம்பெனியில்தான் ஐடா இருக்கிறாள். பாலகாட் லைனில் அம்மாவோடு குடியிருந்து, வாரம் ஆறு நாள் மாரிகுப்பம் ரயிலில் போய் வருகிறாள்.